ஆற்றுக்குள் நின்ற மரங்கள்

கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சாலைத்துறைப் பொறியாளர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி இருக்கும், மறைந்த பேராசிரியரின் கணவர் அவர்களே, நாற்காலி போதாமல் சன்னலோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் வணக்கம்.

நம் புவியியல் பேராசிரியர் மறைந்து இன்றோடு ஒன்பது நாள். வகுப்பறையிலிருந்து ஆய்வகத்துக்குப் போகும் படிக்கட்டில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. மாணவர்களே, நீங்கள் ‘மேப் மேடம்’ என்று பெயர் கொடுத்தீர்கள். எது பெரிது என்று ஒருமுறை கேட்டேன். “பட்டம் சுவத்துல தொங்குது சார். இந்தப் பேரு காரிடார் முழுக்க ஓடுது” என்றார்.

நான் தாவரவியல் துறைக்காரன். பதினோரு ஆண்டுகள் அவருக்கு எதிர் அறை. முதல் மூன்று ஆண்டுகள் அவரோடு மல்லுக்கு நின்றவனும் நானே! “செடியப் பாக்க வேண்டிய பிள்ளைங்கள ஜி.பி.எஸ். கருவியப் பாக்க வைக்கிறீங்களே மேடம்” என்று ஆசிரியர் கூட்டத்திலேயே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “உங்க பிள்ளைங்க செடியப் பாத்துட்டு வர்றாங்க. எங்க பாத்தீங்கன்னு கேட்டா ‘அந்தப் பக்கம்’ங்கறாங்க. அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம் சார்?” என்றார். கூட்டமே சிரித்தது.

அந்தக் கேள்வியோடுதான் அவர் முகத்துவாரத்து அலையாத்திக் காட்டுக்குள் இறங்கினார். நீர் வடியும் காலை நேரம், முழங்கால் சேறு, மாணவர்களின் கழுத்தில் கருவிகள். தையற்கடை வைத்திருக்கும் அவர் கணவர் அந்தக் கருவிகளுக்கெல்லாம் மழை புகாத உறை தைத்துக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை! நாரைகள் கூடு கட்டிய மரம் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எத்தனை கூடு, எவ்வளவு பருமன்? இரண்டு மழைக்காலம் உழைத்து, நானூற்றுப் பன்னிரண்டு மரங்களைக் கணினித் திரையில் புள்ளிகளாக எழுப்பினார்கள். எதிர் அறையிலிருந்து எட்டிப் பார்த்த நான், ஒருநாள் உள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் புறவழிச் சாலைத் திட்டம் வந்தது. திட்ட வரைபடத்தில் அந்தக் காட்டின்மேல் எழுதியிருந்தது என்ன தெரியுமா? ‘பயனற்ற சேற்று நிலம்.’ நாங்கள் சும்மா இருப்போமா? சாலைத்துறையின் பழைய வரைபடத்தின்மேல் எங்கள் புள்ளிகளைப் பொருத்தி அறிக்கை கொடுத்தோம்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தன்று காலை, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி அச்சடித்த படத்தோடு ஓடி வந்தாள்.

“மேடம், நம்ம மரத்துல பாதி ஆத்துக்குள்ள நிக்குது!”

உண்மைதான். கருவியின் அளவுமுறை ஒன்று, பழைய வரைபடத்தின் அளவுமுறை வேறொன்று. அதைக் கவனிக்காமல் பொருத்தியதால் எல்லா மரங்களும் இருநூறு மீட்டர் கிழக்கே நகர்ந்திருந்தன.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பேசாம விட்டுடுங்க மேடம். அங்க யாரு இதையெல்லாம் பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டேனே சார்” என்றார்.

முந்நூறு பேர் கூடிய அவையில் எழுந்தார். “நாங்க கொடுத்த வரைபடம் தப்பு. தப்பு என்னோடது. பன்னெண்டு நாள் கொடுங்க” என்றார். பின்வரிசையில் சிரிப்பு! “ஆத்துக்குள்ள மரம் வளக்கறாங்கப்பா!” என்று ஒருவர் கத்தினார். பேராசிரியர் தலை குனியவில்லை.

அன்பர்களே, இந்த அவையில் இன்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் புள்ளிகளைப் பொருத்தியது அவர் அல்ல. நான். ஆர்வக்கோளாறில் நானே செய்கிறேன் என்று வாங்கிச் செய்தவன் நான். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். முந்நூறு பேர் சிரித்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு சொல் சொல்லிக் காட்டினாரா? இல்லை! “வாங்க சார், சேத்துக்கு ஏத்த செருப்பு இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

பிழையைக் கணினியிலேயே பத்து நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். திருத்தவும் செய்தார். ஆனால் அதோடு விடவில்லை. “ஒரு தடவ தப்புன்னு ஆயிடுச்சு. இனிமே மரத்தத் தொட்டுக் காட்டினாத்தான் நம்புவாங்க” என்று மாணவர்களோடு மறுபடியும் எல்லா மரங்களுக்கும் நடந்தார். கொட்டும் மழையில் நானும் நடந்தேன். பன்னிரண்டாம் நாள், இதோ மேடையில் இருக்கும் பொறியாளரை அழைத்து வந்து, அவர் கையிலேயே கருவியைக் கொடுத்தார். “பட்டியல்ல இருந்து நீங்களே ஒரு மரத்தோட நம்பர் சொல்லுங்க சார். நீங்களே நடந்து போங்க.”

பொறியாளர் இருபத்தேழு எண்கள் சொன்னார். இருபத்தேழு முறையும் அவர் கை மரத்தில் போய் முட்டியது!

சேற்றில் நின்றபடி பொறியாளர் சொன்னதை நான் மறக்கவில்லை. “மேடம், அன்னைக்கு நீங்க தப்ப ஒத்துக்கலன்னா, இன்னைக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்.”

சாலை மேற்கே வளைந்தது. இன்று அந்த வளைவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஏன் இங்கே திருப்பம் என்று தெரியாது. நமக்குத் தெரியும். அவர் மகளுக்குத் தெரியும். பாப்பா, அந்த வளைவு உன் அம்மா போட்டது. நெஞ்சை நிமிர்த்திச் சொல்!

வடகரைக் காடு இன்னும் அளக்கப்படவில்லை. வருகிற திங்கட்கிழமைக்கு அவரே நாள் குறித்து வைத்திருக்கிறார். ஒத்திவைக்கலாமா என்று நேற்று முதல்வர் கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு துறைகளும் சேர்ந்து போகிறோம். முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை குறிப்போம். பிழை நேர்ந்தால் செய்தவனே எழுந்து சொல்வான். அதை நான் இப்போது தொடங்கி வைத்திருக்கிறேன்.

காலை ஆறு மணிக்குப் பேருந்து. தாமதமாக வருகிறவர்களுக்காக அவர் ஒருநாளும் காத்திருந்ததில்லை. நாங்களும் காத்திருக்க மாட்டோம்.