பின்வாசல் ஒப்பந்தம்

செப்டம்பர் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, மைசூரில் எங்கள் கல்லூரியின் இரண்டாம் மாடி வகுப்பறையில் மின்விசிறி ஓடவில்லை.

அதனால் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். என் கைபேசியில் நீங்கள் பார்த்த காணொளியின் பின்னணியில் ஆட்டோ சத்தமும் இளநீர்க்காரர் ஒருவர் கூவுவதும் கேட்கும். அது தெருவிலிருந்து வந்த சத்தம். நான் எதையும் சேர்க்கவில்லை. அதைப் போலிக் காணொளி என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை, இன்ஸ்பெக்டர் சார்.

"நானும் கொள்ளேகால் பக்கந்தான், சும்மா தமிழ்லயே சொல்லு கண்ணு" என்றீர்கள். நன்றி. வீட்டுக்கு வெளியே நான் தமிழ் பேசுவது குறைவு. நாங்கள் மேல்கோட்டை ஐயங்கார் குடும்பம். வீட்டுக்குள் ஒரு பழைய தமிழ் புழங்குகிறது. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது தாய்மொழி என்ற இடத்தில் அப்பா கன்னடம் என்று எழுதினார். அம்மாவைக் கேட்டால், "நாம தமிழாள் இல்லேடா கௌஸ்துப், மேல்கோட்டையாள்" என்பாள். இரண்டிலும் பொய் இல்லை. கேட்கிறவர்கள் மேற்கொண்டு கேட்காமல் இருந்தால் போதும்.

நான் படிப்பது வரலாறும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த பட்டம். இரண்டு துறைகள், இரண்டு மாடிகள். கீழ் மாடியில் வரலாறு. எந்த ஆவணத்தையும் அதன் சூழலிலிருந்து பிய்த்து எடுக்காதே, யார் சொன்னது, எங்கே, எப்போது என்று குறித்துக்கொள் என்பார்கள். மேல் மாடியில் சர்வதேச உறவுகள். எதிராளி பொதுவில் சொன்ன சொல்லை அவனையே கட்டிப்போடப் பயன்படுத்து என்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். இரண்டு மாடி ஆசிரியர்களும் இதைப் பற்றிக் கலந்து பேசியதாகத் தெரியவில்லை.

சோனியாவும் நானும் முதல் பருவத்திலிருந்தே நண்பர்கள். அவள் அப்பா அய்யாவு தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு அக்ரஹாரம் என்ற வட்டாரத்தில் ஒரு தெருமுனையில் இட்லி வண்டி போட்டார். காலை வகுப்புக்கு முன்னால் நான் அங்கே சாப்பிடுவேன். எங்கள் வீட்டில் வெங்காயம் சேர்ப்பதில்லை. அவருக்கு அது பெரிய வேடிக்கை.

"ஐயங்காரே, சாம்பார்ல வெங்காயம் மெதக்குது. கண்ண மூடிக்கிட்டுச் சாப்புடு. வீட்ல கேட்டா நான் காட்டிக்குடுக்க மாட்டேன்" என்பார்.

"அப்பா, அவன் வாய மோந்து பாத்தாலே தெரிஞ்சிரும். ஏலக்கா குடுத்து அனுப்பு" என்பாள் சோனியா.

அவர் காட்டிக்கொடுக்கவில்லை என்பது உண்மை. என் அம்மா ஒருமுறை அந்தத் தெருவில் அவரைப் பார்த்து, நான் அங்கே சாப்பிடுவது உண்டா என்று கேட்டிருக்கிறாள். காப்பி மட்டும் குடிப்பான் என்று சொல்லியிருக்கிறார். வண்டியில் காப்பியே கிடையாது.

இனி பயிற்சிக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆண்டும் நஞ்சுண்டசாமி சார் ஒரு பேச்சுவார்த்தைப் பயிற்சி நடத்துவார். ஒரு தகராற்றை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு தரப்பு. கன்னடத்தில்தான் பேச வேண்டும், இங்கிலீஷில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள் என்பார் சார். இன்னொரு விதியும் உண்டு. யாரும் தன் சொந்தத் தரப்புக்காகப் பேசக் கூடாது. இந்த ஆண்டு காவிரியை எடுத்தார். ஊரில் பந்த் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அதனாலேயே எடுத்தார் என்று நினைக்கிறேன். முதல் மதிப்பெண் வாங்குபவர் ஒரு பருவம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். ஓர் இடம்தான் உண்டு.

பயிற்சியில் நான் கர்நாடகம். சோனியா தமிழ்நாடு. சாரின் விதிக்கு இது முரணாக இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கு வருகிறேன்.

பொதுவில் முறைத்துக்கொண்டு, தனியில் முடித்துக்கொள்வதுதான் ராஜதந்திரம். அதைப் பின்வாசல் பேச்சு என்று சார் சொல்வார். முந்தின வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் அதைச் செய்தோம். மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை இரு தரப்பும் விகிதப்படி பங்கிட்டுக்கொள்வது. கடைசிச் சுற்றில் அதை நானே முன்மொழிவேன், அவள் ஏற்றுக்கொள்வாள். அதுவரை அவள் வாய் திறக்கக் கூடாது.

"சத்தியமாச் சொல்லுவியா? அப்புறம் கடைசி நேரத்துல கழுத்தறுக்கக் கூடாது குரு" என்றாள்.

"பெருமாள் மேல சத்தியம்" என்றேன்.

அய்யாவு கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "ஆத்துத் தண்ணியப் பங்கு போட ரெண்டு பேரும் எம் பொழப்பு நடக்குற எடத்துலயா நிக்கணும்? தட்டக் கழுவ ஒரு கொடம் தண்ணிக்கு நான் அலையறேன். மொதல்ல அதுக்கு ஒரு ஒப்பந்தம் போடுங்க சாமி" என்றார்.

திங்கட்கிழமை கடைசிச் சுற்று வந்தபோது வகுப்பு ஒரு மாதிரி இருந்தது. கர்நாடகத் தரப்பு என்று நான் எழுந்தாலே மேஜையைத் தட்டினார்கள். பயிற்சி என்பதைப் பாதிப்பேர் மறந்திருந்தார்கள். அந்த நேரத்தில் பங்கீடு பற்றிப் பேசுவது பொருத்தமாக இருக்காது என்று தீர்மானித்தேன். ஒரு சொட்டுக்கூடத் தர இயலாது என்றேன். முன்மொழிவைத் தள்ளிப்போட்டேன் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். தள்ளிப்போடுவது மீறல் ஆகாது. பாடத்திலேயே இருக்கிறது.

சோனியா எழுந்தாள். மாண்புமிகு பிரதிநிதி தனியே ஒப்புக்கொண்டதை அவைக்குத் தெரிவிக்கிறேன் என்று தொடங்கி, எங்கள் ஒப்பந்தம் முழுவதையும் கன்னடத்தில் சொன்னாள். அப்படி எதுவும் இல்லை என்றேன். அவள் சிரித்துவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் முன்னால், தமிழில் சொன்னாள்.

"டேய், எங்கப்பா வண்டிகிட்ட நின்னு பெருமாள் மேல சத்தியம் பண்ணித் தமிழ்ல சொன்னியே. கன்னடத்துல மறந்துபோச்சா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின் வரிசையிலிருந்து ஒருவன், "ஏ மகா, நீனு தமிளா?" என்று கேட்டான். அவனோடு ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறேன். அவன் மறுபடியும் கேட்டான். நஞ்சுண்டசாமி சாரும் சிரித்தார். எதிராளி ரகசியமாகக் கொடுத்த வாக்கைப் பொது அவையில் வைப்பது துணிச்சலான நகர்வு என்று குறித்துக்கொண்டார்.

மொழி விஷயம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். என்னை உறுத்தியது வாக்கு மீறல். ஒருவன் நம்பிச் சொன்னதை நாலு பேர் சிரிப்பதற்காக எடுத்து வெளியே போடலாம் என்றால், அதன் பிறகு எதை வேண்டுமானாலும் யாரும் எடுத்து வெளியே போடலாம். நான் அவளிடமிருந்து கற்ற விதி அது.

புதன்கிழமை மதிப்பெண் வந்தது. அவள் முதல், நான் இரண்டாவது. அன்று கல்லூரி வாசலில் என் தோளைத் தட்டி, "கோவமா இருக்கியா? வா, அப்பா உனக்குப் பொடி இட்லி வச்சிருக்காரு. அது வெங்காயமில்லாத அயிட்டம்" என்றாள். வேலை இருக்கிறது என்றேன்.

வேலை இருக்கத்தான் செய்தது. மதிப்பீட்டுக்காகப் பயிற்சியைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. பதிவு முழுவதும் என் கைபேசியில் இருந்தது. சார் இது பயிற்சி என்று சொல்லும் தொடக்கத்தை விட்டேன். மற்றவர்கள் பேசியதை விட்டேன். சோனியா எழுந்து நின்று பேசும் ஒரு பகுதி, ஒரு நிமிடம்கூட வராது. அதில் அவள் கன்னடத்தில் சொல்கிறாள்: "மதகு உங்கள் கையில் இருக்கிறது. அதற்காக ஆறு உங்கள் அப்பன் வீட்டுச் சொத்து ஆகிவிடாது."

அதைச் சில வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன். புது எண்ணிலிருந்துதான். நீங்கள் கண்டுபிடித்தது சரி.

"அதென்ன கண்ணு, கூடவே அந்த எடத்தையும் எழுதுன?" என்று நேற்றுக் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். பெயர், தேதி, அக்ரஹாரத்தில் அவள் அப்பாவின் வண்டி நிற்கும் தெருமுனை, இவ்வளவுதான் எழுதினேன். எந்த ஆவணத்துக்கும் ஆளும் இடமும் தேதியும் குறிக்க வேண்டும். கீழ் மாடியில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். அது கைப்பழக்கமாகிவிட்டது. எழுதியதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. நீங்களே சரிபார்த்தீர்கள்.

வியாழக்கிழமைக்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. சனிக்கிழமை பந்த் என்று அறிவித்திருந்தார்கள். வியாழன் மதியம் அய்யாவு எனக்குப் போன் செய்தார். அவர் அழைப்புப் பதிவுகளில் என் எண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்ன பேசினோம் என்று யாரும் இதுவரை என்னைக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

"தம்பி, பாப்பா பேசுன வீடியோ ஒண்ணு வருதாமே. நாளைக்கு வண்டி போட வேண்டாம்னு அது அழுவுது. அதுக்குப் பயம். இட்லிக்கு மாவு ஆட்டியாச்சு. நீ படிச்ச புள்ள, ஊரு நெலவரம் தெரிஞ்சவன். நீ சொன்னா கேட்டுக்கறேன். போடட்டுமா, வேணாமா?"

"போடுங்க. பந்த் சனிக்கிழமைதானே. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால், இவனுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அவருக்கு வந்திருக்கும். அதைத் தவிர்க்க வேண்டியிருந்தது.

"செரி சாமி. நீயும் வந்துரு, பொடி இட்லி எடுத்து வைக்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே சாப்பிடுவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் உப்புமா சாப்பிட்டேன். அன்று வண்டியைத் தேடி வந்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. படம் காட்டினீர்கள், உண்மையிலேயே தெரியவில்லை. அவர்கள் வண்டியைக் கவிழ்த்தார்கள். இட்லிக் கொப்பரை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் வண்டியின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். கவிழ்க்கச் சொல்லி நான் யாருக்கும் எழுதவில்லை.

சாரின் விதிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பதிவேட்டின்படி சோனியாவின் தாய்மொழி தமிழ், என்னுடையது கன்னடம். ஆகவே சார் முதலில் பிரித்தபோது அவள் கர்நாடகம், நான் தமிழ்நாடு. விதி சரியாகவே நடந்தது. என் பங்குக்கான உரையை எழுதி முடித்த பிறகுதான் எனக்குத் தோன்றியது, தமிழ்நாட்டுக்காக நான் அழுத்தமாகப் பேசினால் யாராவது என் வீட்டைப் பற்றி யோசிக்கக்கூடும் என்று. மாற்றிக்கொள்ளலாமா என்று சோனியாவைக் கேட்டேன்.

"லூசா நீ? ஊரு இருக்கிற நெலமைல நான் தமிழ்நாடாப் பேசினா என்னைத்தான் மொறைப்பானுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி விடு. உனக்கு வீட்ல ஏதோ பிரச்சனை போல. நானே ஆசப்பட்டுக் கேட்டேன்னு சார்கிட்டச் சொல்லிக்கறேன். உன் பேரு வராது" என்றாள். அப்படியே சொன்னாள். சார் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்.

எழுதி வைத்திருந்த உரையை அவளிடம் கொடுத்தேன். மதகு, அப்பன் வீட்டுச் சொத்து, அந்த வாக்கியம் அதில் இருந்தது. நான் எழுதியது. இது கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே, எடுத்துவிடட்டுமா என்று அவள் கேட்டாள். இருக்கட்டும், நன்றாக விழும் என்றேன்.

கல்லூரி விசாரணையில், ஏன் தமிழ்நாட்டை நீயாகக் கேட்டு வாங்கினாய், ஏன் அப்படி ஒரு வாக்கியம் எழுதினாய் என்று அவளை நெடுநேரம் கேட்டார்கள். ஆசைப்பட்டேன், எழுதினேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். காணொளியை அனுப்பியது யாரென்று அப்போது அவளுக்குத் தெரியாது. இப்போது தெரியும். நேற்று நீங்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள் என்றீர்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பின்வாசலில் பேசியதைக் காப்பாற்றத் தெரிந்தவள் திங்கட்கிழமையும் காப்பாற்றியிருக்கலாம்.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டயா கண்ணு?" என்கிறீர்கள். இல்லை. வாக்கை முதலில் மீறியது அவள். அவள் கேட்டால் நானும் கேட்பேன்.

அய்யாவு செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை மருத்துவமனையில் இறந்தார். சோனியா படிப்பை நிறுத்திவிட்டாள். அயல்நாட்டுப் பருவத்துக்கான இடம் மதிப்பெண் வரிசையில் அடுத்திருந்த எனக்கு வந்தது. ஏற்றுக்கொண்டு அன்றே பதில் அனுப்பினேன்.