பிரஷர் மாத்திரை

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதப்பட்டுள்ளன; இரண்டும் சரி. வயது முப்பத்திரண்டு. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். எங்களுக்கு முதல் குழந்தை.

சம்பவத்தன்று காலை, மாடியில் துணி காயப்போட்ட என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக அவளுடைய அக்கா போன் செய்ததன்பேரில், வேலையைப் பாதியில் விட்டு வந்து, இருவரையும் வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இது பிரசவ வலிதான் என்றும், குழந்தையின் நுரையீரல் இன்னும் பக்குவப்படவில்லை என்றும், மாத்திரை கொடுத்து வலியை இரண்டு நாளாவது தள்ளிப்போட்டால் அதற்குள் நுரையீரலுக்கான ஊசி வேலை செய்துவிடும் என்றும் சொன்னார். தலையாட்டினேன். விளங்கியது பாதிதான்.

அதன் பிறகு நர்ஸ் மாத்திரை கொடுத்தார். சிறிது நேரத்தில் என் மனைவி முகம் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடிப்பதாகவும் கட்டில் சுற்றுவதாகவும் சொன்னாள். காலி அட்டையை எடுத்துப் பார்த்த அவளுடைய அக்கா, "தம்பி, இது எங்கப்பா பிரஷருக்குப் போடுற மாத்திரைப்பா. இவளுக்கு ஏது பிரஷரு?" என்றார்.

அதன் பிறகு அடுத்த மாத்திரையுடன் வந்த நர்ஸிடம், ஆள் மாறிப்போச்சா என்று கேட்டேன். "ஆள் மாறல சார். பிரஷர் மாத்திரைதான். அதுவே கர்ப்பப்பை இறுகாமத் தளர்த்தும். பிரஷர் பாத்துப் பாத்துதான் குடுக்கிறோம்" என்றார். பிரஷர் மாத்திரைதான் என்று அவர் வாயாலேயே சொன்னது மட்டும் என் காதில் ஏறியது. மாத்திரையும் தண்ணீரும் இருந்த தட்டைத் தட்டிவிட்டேன். கண்ணாடி டம்ளர் உடைந்தது. நர்ஸ் தரையில் விழுந்து கிடந்தார், உள்ளங்கை கிழிந்திருந்தது. நான் தள்ளியதாகப் பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்கிறார்கள். தள்ளியிருந்தால் என் கைக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு என் மனைவி, "நீங்க வெளிய போங்க. சிஸ்டர், எனக்கு மாத்திரை குடுங்க" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நர்ஸ் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே போய் அதே மாத்திரையில் இன்னொன்று கொண்டுவந்தார். காவலாளி என்னை வெளியே கூட்டிப்போனார்.

வலி நின்றது. மூன்றாம் நாள் மறுபடி தொடங்கி ஆண் குழந்தை பிறந்தது. வலி நின்றது மாத்திரையாலா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "மாத்திரையாலயும் இருக்கலாம், தானாவும் நின்னிருக்கலாம். ஊசிக்கு நேரம் கிடைச்சுதுல்ல, அதப் பாருங்க" என்றார். அப்படியானால் நான் தடுக்கப் பார்த்தது எதை என்பது இன்னும் பிடிபடவில்லை.

இன்று காலை குறைமாதக் குழந்தைகளின் அறைக் கண்ணாடிக்கு வெளியே அந்த நர்ஸ் நின்றிருந்தார். காயம் ஆறும்வரை குழந்தைகளைத் தொடக் கூடாதென்று அவரை உள்ளே விடவில்லையாம். நானும் பக்கத்தில் போய் நின்றேன். என் குழந்தை எது என்று தெரியவில்லை. "ஜன்னலோரம் இருக்கிறதுதான் உங்க பையன். பொறந்ததும் நல்லா அழுதான் சார், வெளிய நின்னு கேட்டேன்" என்றார். என் மேல் புகார் கொடுத்தது நீங்களா என்று கேட்க வாய் வரவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் போலீஸ் அதிகாரி படித்துக்காட்டக் கேட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மிரட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன். தள்ளினேனா இல்லையா என்பதை மட்டும் அந்த நர்ஸிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ, அதற்கும் சேர்த்தே இங்கே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)