அமராவதி திறக்காத அழைப்பிதழ்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் ஐயா இராமையா அவர்களே, மனைவி அமராவதியைப் பறிகொடுத்து நிற்கும் தம்பி கார்த்திகேசு அவர்களே, கோலா சிலாங்கூரிலிருந்தும் சபாக்கிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தோட்டத்து மக்களே, வணக்கம்.

கணேஸ்வரன் என்றால் கத்துவான் என்றுதான் என்னை அலுவலகத்தில் சொல்வார்கள். இன்றைக்குக் கத்தத் தெம்பில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் ஊராட்சி மன்ற முகப்பில் அமராவதி அம்மையாரும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை செய்தோம். மலாய் மொழி விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவர் யார் வந்தாலும், "இங்க உக்காருங்க மாமா, நான் எழுதுறேன்லா" என்பார். நாளைக்கு வா என்று ஒருவரையாவது திருப்பி அனுப்பியிருப்பாரா?

போன ஆண்டு ஆடி மாதம் எங்கள் கணினிகள் முடக்கப்பட்டதை அறிவீர்கள். காலையில் போனால் எல்லாத் திரையிலும் ஒரே அறிவிப்பு. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் திறப்போம் என்று எவனோ முகம் தெரியாத பாவி எழுதியிருந்தான். தோட்டம் கைமாறியதால் வீடு கேட்டிருந்த அறுபத்திரண்டு குடும்பங்களின் விண்ணப்பங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. கெடு முடிய இருபது நாள்தான் இருந்தது!

அந்த இருபது நாளும் அம்மையார் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாக நடந்தார். அறுபத்திரண்டையும் கையாலேயே மறுபடி எழுதினார். புது வீட்டில் விளக்கேற்றும் நீங்கள் அவரை நினைக்க வேண்டாமா?

விசாரணை என்ன சொன்னது? வைரஸ் அமராவதியின் கணினி வழியாக நுழைந்தது என்றது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். "கண்டதையும் தொறந்து ஊரையே கெடுத்துட்டா" என்று இதே மண்டபத்தில் என் காதுபடப் பேசினீர்கள். நானும் கேட்டுக்கொண்டே சோறு சாப்பிட்டேன்.

ஐயா, அதைத் திறந்தது நான்.

கணினிகள் முடங்கியதற்கு முந்தின நாள் என் கணினி பழுது. அவர் சாப்பிடப் போனபோது அவருடையதில் உட்கார்ந்தேன். வரிசை நிற்கக் கூடாது என்று முகப்பில் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைத்தான் வைத்திருந்தோம். அம்மன் கோயில் தீமிதி அழைப்பிதழ் என்று ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. சாமி காரியத்து அழைப்பைப் பிரிக்காமல் வைக்கலாமா? செருப்பைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். முட்டாள்!

அவரிடம் சொல்லி அழுதேன். "அண்ணே, ஓய்வுக்கு உங்களுக்கு எட்டு மாசந்தான் இருக்கு. வாய மூடிக்கிட்டு இருங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். ஓய்வு பெற்றதும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பெற்றேன், சொல்லவில்லை. மகன் கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது, சொல்லவில்லை. கடைசியாக அவர் படுத்திருந்த மருத்துவமனையில் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு, ஊரறியச் சொல்லிவிடுகிறேன் என்றுகூட வாய் திறக்காமல் வந்தேன். அவர் என்னைக் காப்பாற்றிய அந்தப் பொய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டேன்.

தம்பி கார்த்திகேசு, உங்களிடமும் அவர் சொல்லவில்லை என்பது உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கையெழுத்திட்ட வாக்குமூலத்தோடு மன்றத்துக்குப் போகிறேன். அவர் பெயரில் இருக்கும் கடிதத்தை அவர்கள் நீக்கும்வரை அந்த வாசலை விட்டு நகரமாட்டேன். அவர் எழுதிக்கொடுத்த பாரங்களை இனி நான் எழுதித் தருகிறேன், என்னை நம்பி நீங்கள் வந்தால்.

தம்பி, எல்லோரும் அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள். என் மாலை இன்னும் கையில்தான் இருக்கிறது. நான் போடலாமா? நீங்கள் சொல்லுங்கள்.