பச்சையில்தான் இருக்கிறது

மழை நாட்களில் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை குறைவு. மலையில் கொழுந்தெடுக்கப் போகாவிட்டால் தாய்மார் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடமாட்டார்கள். திரிபோஷா மாவைக் கிண்ட வேண்டாம், ஏணைத் தொட்டில்களை உதறிக் கட்ட வேண்டாம். மழையை அளக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், சேர். படித்தவள், லயத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவள், மழை பெய்தால் சும்மா இருப்பவள்.

மழைமானி பெரிய விஷயமில்லை. கண்ணாடிப் போத்தல் மாதிரி ஒன்று, அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் நான் ஆபீசுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, கைஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு கீழே வரிசை வீடுகள் இருக்கும் பணிய லயத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். எல்லோரும் மேலே ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும். லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலையில் வெடிப்பு விழுந்திருப்பதாக அரசாங்க ஆபீசிலிருந்து வந்து பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இதை எனக்குச் சரியாக விளங்கப்படுத்தினார்கள். விளங்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

என் கணவர் சிறிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் முன்பு தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினில் நின்றவர். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம், பாறை மேல் ஒரு ஜெபவீடு கட்டினார். நல்ல மனிதர். கோபம் வராது, குடிக்கமாட்டார். உலகம் முடியப் போகிறது என்று அவர் நாள் குறித்துச் சொன்னது உண்மைதான். மூன்று தடவை சொன்னார்.

முதல் தடவை கூட்டம் ஜெபவீட்டில் கொள்ளவில்லை. வீரய்யா என்று ஒருவர், கன்றோடு பசுவை நாட்டுப்பக்கத்து ஆள் ஒருவருக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வந்து வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். விடிய விடியப் பாடினோம். விடிந்தது. வழக்கம்போல மூடுபனி, வழக்கம்போல வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுக்குத் தப்படிக்கும் சத்தம். பெண்கள் மாற்றுடை எடுக்க நேரமில்லாமல் வெள்ளைச் சேலையோடு வேலைக்குப் போனார்கள். நேரம் பிந்தியதால் கங்காணி அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர்தான் போட்டார். மலை முழுக்கச் சிரிப்பு. வீரய்யா வெறும் மாட்டுப்பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றதை நானும் பார்த்தேன். பாவமாக இருந்தது.

இரண்டாவது தடவை கூட்டம் பாதியாகியது. அதற்குப் பிறகு அவருக்குத் தோட்டத்தில் பெயரே 'ஒலகம்' என்றாகிவிட்டது. பொகவந்தலாவை பஸாருக்குப் போனால் பொடியன்கள் சும்மா விடமாட்டார்கள். ஒலகம் மாமா, நாளைக்கு பஸ் ஓடுமா, டிக்கட் எடுத்து வைக்கவா என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு போவார். எனக்குத்தான் வயிறு எரியும்.

அந்த வருடம் மழைமானியும் இரண்டு தடவை சிவப்பைத் தொட்டது. நான் போய்ச் சொன்னேன். சனங்கள் பாயும் அரிசியும் பிள்ளைகளுமாக நனைந்துகொண்டு ஸ்கூலுக்குப் போனார்கள். மலை அசையவில்லை. மறுநாள் எல்லோரும் வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு, நல்ல காலம் ஒன்றும் நடக்கவில்லை என்று பேசிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அளந்து சொன்னவர்களுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. அவர்கள் சொன்னது நடக்காவிட்டால் நல்ல காலம், நாங்கள் சொன்னது நடக்காவிட்டால் சிரிப்பு. அது அநியாயம் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அந்த நாட்களை எப்படிக் குறித்தார் என்று கேட்டீர்கள். அவர் குறிக்கவில்லை, சேர். கனவு எனக்குத்தான் வரும். சின்ன வயதிலிருந்தே வரும். விடியற்காலையில் அவரை எழுப்பிச் சொல்வேன். அவர் வேதாகமத்தைத் திறந்து ஒத்துப் பார்த்துவிட்டுச் சபையில் அறிவிப்பார். பெண்பிள்ளை சொன்னால் சனங்கள் கேட்கமாட்டார்கள் என்பதால் என் பேச்சை எடுப்பதில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்றாவதாகக் குறித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் புதன்கிழமையே மழை பிடித்துவிட்டது. ஆனால் வியாழக்கிழமை அவர் சோறு வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"பெற்றீசியா, இது வெறுங்கனவுதான். ரொம்ப நாளா எனக்குத் தெரியுது. நாளைக்குச் சபையில எந்திரிச்சு சொல்லிறப் போறேன். வீரய்யாண்ணன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்."

யோசித்துச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். யோசித்துவிட்டதாகச் சொன்னார். முகம் தெளிவாக இருந்தது. பிறகு சோற்றை எடுத்து வைத்து முழுவதும் சாப்பிட்டார். பிறகு சோற்றை எடுத்து வைத்து முழுவதும் சாப்பிட்டார். சபை முன்னால் அவர் அவமானப்பட்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் செய்தது எல்லாம் அவருக்காகத்தான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஜெபவீட்டுக்கு முன்னதாகவே போய்விட்டார். நான் வாசலுக்கு வந்து மழைமானியைப் பார்த்தேன். தண்ணீர் சிவப்பைத் தாண்டியிருந்தது. அதைக் கழற்றி, தண்ணீரை ரோஜாச் செடியின் அடியில் ஊற்றினேன். கொட்டுகிற மழையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோமே என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. பிறகு அதைத் திரும்ப மாட்டிவிட்டு, பச்சை என்று ஆபீசுக்குச் செய்தி அனுப்பினேன்.

மலை வரும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு தடவை சிவப்பைத் தொட்டும் வராத மலை அது. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று கடவுளிடம் விட்டேன். நம்புகிறவர்கள் ஜெபவீட்டுக்கு வருவார்கள், நம்பாதவர்கள் வீட்டில் இருப்பார்கள். போத்தலைப் பார்த்துவிட்டு ஓடித் தப்பினால் அதில் நம்பிக்கை எங்கே இருக்கிறது. நான் யாரையும் கட்டி வைக்கவில்லை. ஒருவரையும் கைநீட்டி அடித்தது கிடையாது, பிள்ளைக் காம்பராவில்கூட.

புறப்படும்போது டெல்சி எனக்கு போன் எடுத்தாள். டெல்சி எங்கள் ஒரே மகள். துஷாந்தைக் கட்டிக்கொண்டு பணிய லயத்தில் இருந்தாள். துஷாந்த் ஹட்டனில் ஒரு கடையில் வேலை, வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவான். அவள் ஜெபவீட்டுக்கு வருவதை நிறுத்தி நாளாகியிருந்தது.

"அம்மா, மழமானி என்னா காட்டுது? லயத்துல எல்லாரும் என்னயத்தான் கேக்குறாங்க. ஸ்கூலுக்குப் போவணுமா?"

அவளை ஜெபவீட்டுக்குக் கூப்பிட்டேன், சேர். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா, அப்பாவுக்குப் பக்கத்தில் இரு என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். ஆரம்பிச்சிட்டீங்களா என்று சிரித்தாள். மகன் மிலானுக்குச் சளி, நனைக்க முடியாது என்றாள். திரும்பவும் மழைமானியைக் கேட்டாள்.

"பச்சையிலதான் இருக்கு. புள்ளையத் தூங்க வை."

சரிம்மா என்று வைத்துவிட்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி நடந்தேன். பாலத்தடியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போனது.

ஜெபவீட்டில் பத்துப் பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லோரும் லயத்தில்தான் இருந்தார்கள், வேலை இல்லாத நாள் அல்லவா. பிள்ளைக் காம்பராப் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். வீரய்யா மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பசுவை இழந்த மனிதர்தான் கடைசிவரைக்கும் வந்தார். என் கணவர் ஜெபம் முடிந்து எழுந்தார்.

"ஒங்க எல்லார்கிட்டயும் நான் ஒன்னு சொல்லணும்" என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லொறியில் கருங்கல் கொட்டுகிற சத்தம் மாதிரி இருந்தது, ஆனால் நிற்காமல் கேட்டது. நாங்கள் வெளியே வந்தபோது பணிய லயம் இருந்த இடத்தில் மலைதான் இருந்தது. தேயிலைச் செடிகள் நட்டபடியே இறங்கி வந்து நின்றன. வீரய்யா என் கணவரின் காலைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களும் விழுந்து கும்பிட்டார்கள். அவர் காலை உதறிக்கொண்டு ஓடினார். இருட்டும் வரைக்கும் கையாலேயே மண்ணை அள்ளினார். நகமெல்லாம் போய்விட்டது. டெல்சியையும் மிலானையும் மறுநாள்தான் எடுத்தார்கள். மிலானை அடுத்த மாதம் என்னிடம் பிள்ளைக் காம்பராவில் விடுவதாக இருந்தாள். அவனுக்கென்று ஒரு ஏணைகூடத் தைத்து வைத்திருந்தேன்.

அடக்கத்தன்று துஷாந்த் வந்து கேட்டான். டெல்சி அவனுக்கும் போன் எடுத்து, அம்மா பச்சை என்று சொல்லிவிட்டார்கள், பயப்பட வேண்டாம் என்றாளாம். பக்கத்துப் பிரிவில் காலையிலேயே சிவப்பாம், ஓடையைத் தாண்டினால் எப்படி மாமி பச்சையாகும் என்று கேட்டான். சத்தம் போடவில்லை. என் கணவர் கேட்டுக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார். அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. உங்களிடம் சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் சொன்னேன். விடிந்ததும் என்னை பஸ்ஸில் ஏற்றி இங்கே பொலிஸுக்குக் கூட்டி வந்தார். ஜன்னலோரத்தில் உட்கார வைத்தார்.

அவர் இப்போது வருகிறவர்களிடமெல்லாம், அது வெறும் மழை, கனவெல்லாம் பொய், நான் ஏமாற்றுக்காரன் என்று சொல்கிறாராம். பார்க்க வந்த தங்கச்சி சொன்னாள். யாரும் நம்பவில்லையாம். எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்கிறார்களாம். உடப்புசல்லாவையிலிருந்துகூட வேன் பிடித்து வருகிறார்களாம். ஒலகம் என்று இப்போது ஒருவரும் கூப்பிடுவதில்லை.

டெல்சிக்காக நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்டீர்கள். வருத்தம்தான். பெற்றவள் அல்லவா. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். தண்ணீரை ஊற்றியது நான், பச்சை என்று சொன்னதும் நான். ஆனால் அவரைக் கண்டால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். கனவு பொய் என்று இனிமேல் சபையில் சொல்ல வேண்டாம். மூன்று தடவையில் இந்தத் தடவை நான் கண்ட நாள் தப்பவில்லை, சேர்.