பாசிக்கல்லில் நின்ற வண்டி

இந்த வண்டி வேகமாகப் போகாது சார். ரிமோட்டில் ஓடுவது என்றதும் சீறிப் பாயும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இது பாறை ஏறுகிற வண்டி. முழங்கை நீளம்தான் இருக்கும். ஒவ்வொரு கல்லாகப் பிடித்து, ஆள் நடப்பதைவிட மெதுவாக ஏறும். ஓட்டுகிறவனுக்கு அவசரம் ஆகாது. நான் அவசரப்படுகிறவன் இல்லை.

ரிஸ்வானுக்கு இதைப் பழக்கியதே நான்தான். சிதம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவன் கார் புளியமரத்தில் மோதியபோது, இன்சூரன்ஸுக்காகச் சேதம் பார்க்கப் போனேன். அதுதான் என் தொழில். என் டிக்கியில் கிடந்த வண்டியைப் பார்த்தான். அடுத்த மாதம் அவனும் ஒன்று வாங்கிவிட்டான். ஞாயிறுதோறும் கடலூர் வருவான். செம்மண்டலத்தில் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிவைத்த தூண்டில் வளைவுக்குப் போவோம். அந்த மாதிரிப் பாறை இந்தப் பக்கம் வேறெங்கும் இல்லை.

போகப்போக என்னைவிட நன்றாக ஓட்டினான். என் வண்டி குடைசாய்ந்து கிடக்கும் கல்லில் அவன் வண்டி பூனை மாதிரி ஏறிவிடும். ஒருநாளும் கேலி செய்ததில்லை. அதுதான் கஷ்டம்.

“மச்சான், முன் டயரு புடிச்சதும் கொஞ்சம் நில்லு. பின்னாடி தன்னால வரும்” என்பான். நான் சொல்லிக்கொடுத்ததையே எனக்குச் சொல்கிறான் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

ஒருதரம் என் மனைவி ரேகாவும் வந்தாள். திரும்பும்போது காரில், வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவுரு ஓட்டுனா அதுக்கு உசுரு இருக்காப்ல இருக்கு. நீங்க ஓட்டுறப்ப அத அடிக்கிறாப்ல இருக்கு.” நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறு நெத்திலி வறுவலில் மிளகாய்த்தூள் பாதிதான் இருந்தது. ரிஸ்வானுக்குக் காரம் ஆகாதாம். எனக்கு ஆகாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிறு மீனவர்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. கடல் கொந்தளிக்கும் என்று காலையிலேயே எச்சரிக்கை வந்திருந்தது. நான் படித்தேன், அவனிடம் சொல்லவில்லை. வளைவின் முனைக்குப் போனோம். வழக்கம்போல அவன் செல்போனை ஒரு கல்லில் சாய்த்துவைத்து வீடியோவைப் போட்டான். நான் என் வண்டியைக் கீழே, பாசி படிந்த கடைசிக் கல் வரைக்கும் இறக்கி நிறுத்தினேன். மாட்டிக்கொண்டது என்றேன். மாட்டவில்லை. முட்டி வலிக்கிறது, இறங்க முடியாது என்றேன். வலியும் இல்லை.

“நீ இரு மச்சான், நான் எடுத்தாறேன்” என்று பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

நான் தள்ளவில்லை. அது வீடியோவிலேயே இருக்கிறது. பாசியில் கால் வழுக்கி, இரண்டு கல்லுக்கு நடுவே தொடை வரை இறங்கி இறுகிக்கொண்டது. அடுத்த அலை தலைக்கு மேல் போனது. கவிழ்ந்த வண்டியை இழுக்க நாங்கள் வைத்திருக்கும் நைலான் கயிறு என் கையில்தான் இருந்தது. ஆள் கனம் தாங்கும்.

“மச்சான், கயித்தப் போடு” என்றான்.

இரு என்றேன். ரிமோட்டை அழுத்தினேன். உப்புத்தண்ணீர் பட்டால் மோட்டார் வீணாகிவிடும். வண்டி அவன் தோளுக்குப் பக்கத்தில் வளைந்து, நடுவில் இருந்த நாலு கல்லையும் ஒரு தடவைகூடச் சாயாமல் ஏறி என் காலடிக்கு வந்தது. அப்படி நான் ஓட்டியதே இல்லை. சட்டை நுனியால் துடைத்து மேலே வைத்தேன்.

அடக்கத்துக்குச் சிதம்பரம் போனபோது, அந்த செல்போனை அவன் மனைவி ஷாசியா கையில் கொடுத்தது நான்தான். கடலில் வீசியிருக்கலாமே என்கிறீர்கள். வண்டி ஏறியதை ஒருவராவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. அந்தப் பெண் வேறு எதையோ பார்த்துவிட்டாள்.

பதறிப்போய்விட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். பதறவில்லை சார். இறங்கினால் ஏற மாட்டான் என்று தெரிந்துதான் இறக்கினேன். ஆனால் கயிற்றை ஏன் போடவில்லை என்று கேட்டீர்களே, அது வேறு விஷயம். ஆரம்பத்தில் எந்த டயர், எந்த பேட்டரி என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பான். பிறகு அது நின்றுபோனது. வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்டான். உடனே கொடுத்துவிட மனசு வரவில்லை.

இன்னொரு தரம் கேட்கட்டும் என்று நின்றேன்.