காற்றுக்கேற்ற பெட்ரோல்

சாத்தூர் ரோட்டில் இருக்கும் என் பட்டறைக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது மைலேஜ்தான், சார். லட்சக்கணக்கில் கொட்டிக் கார் வாங்கியவர்கூட அரை லிட்டர் பெட்ரோலுக்கு மூக்கால் அழுவார். செந்தூர்பாண்டி ஒருவன்தான் அதைக் கேட்டதே இல்லை. பட்டாசுக் கம்பெனி முதலாளி, முப்பது வயது, கார் பந்தயப் பைத்தியம். அவனுக்கு வேகம் மட்டும் போதும்.

காரில் நைட்ரஸ் சிலிண்டர் மாட்டியிருந்தான். பட்டனை அமுக்கினால் அந்த வாயு எஞ்சினுக்குள் பாய்ந்து நெருப்பைக் கூட்டும். அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூடப் போக வேண்டும். குறைந்தால் சூடு தலைக்கேறி பிஸ்டனே உருகிவிடும். அந்த அளவை வைத்துக் கொடுப்பது என் வேலை. இந்த மாவட்டத்தில் அதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை.

என் மனைவி ரோஜா அவனுடைய நாரணாபுரம் கம்பெனியில் வெடிமருந்து கலந்துகொண்டிருந்தாள். மீந்த மருந்தை ராத்திரி வைக்கக் கூடாது, ஈரம் ஏறித் தானே சூடாகி வெடிக்கும். அன்றன்றைக்கே வெளியில் கொண்டுபோய் அழித்துவிட வேண்டும். முதலாளி நின்று பார்க்க வேண்டும். 2006 தீபாவளி சீசனில் ஒரு சாயங்காலம் அவன் பார்க்கவில்லை. பந்தயம் என்று கோயம்புத்தூர் போய்விட்டான். மறுநாள் காலையில் ரோஜா அந்தப் பழைய மருந்தில் கை வைத்தாள். என்னிடம் கொடுத்ததை ஒரு துண்டில் சுற்றியிருந்தார்கள்.

ஒரு வருஷம் பொறுத்திருந்தேன். வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை, முகத்தில் காட்டியதுமில்லை. போன வாரம் அவனே காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"காசிண்ணே, மதுரை ரோட்டுல ஒரு பந்தயம் இருக்கு. நீங்க கை வச்சாத்தான் எனக்குத் தைரியம்."

"வச்சுத் தாரேன் மொதலாளி," என்றேன்.

நைட்ரஸோடு சேர்ந்து போகிற பெட்ரோலை மட்டும் குறைத்தேன். பட்டனை அமுக்காதவரை வண்டி சமர்த்தாக ஓடும். நான் ஓட்டிக் காட்டியபோதும் அப்படித்தான் ஓடியது. மருந்தில் நெருப்பைக் கூட்டுகிற வெடியுப்பு அளவு மீறினால் என்ன ஆகும் என்று அவன் கம்பெனியில் கூலிக்கு வருகிறவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. ஒரு நாளும் மருந்தைத் தொட்டவனில்லை.

வண்டியை எடுக்க வந்த அன்று அவன் மனைவி ஹர்ஷினியும் கூட வந்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எம்புட்டு வேகம் போகும்னு இவளும் பாக்கட்டும்ணே," என்று சிரித்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு, ரோஜாவுக்கும் இதே வயதுதானே என்று தோன்றியது. அந்தப் பெண் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. நான் சாத்திவிட்டேன்.

எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்த வண்டி பாலத்துச் சுவரில் மோதியதாகச் சொன்னார்கள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் செய்ததுதான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ரோஜாவோடு ஒரே அறையில் வேலை பார்த்த பஞ்சம்மாள் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி ஏதோ சொன்னதாகச் சொன்னீர்கள். "மிச்சத்தை அழிச்சுட்டு வாரேன்னுதான் அவ நின்னா. வாசல்ல இவுகதான் விடாம ஹாரன் அடிச்சாக." அதுதானே? அவள் பொய் சொல்லவில்லை. அழிக்க அரை மணி நேரமாகும் என்று எனக்கும் தெரியும். அன்று நல்ல பசி, அடித்தேன். மூன்றாவது ஹாரனுக்கு அவள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடி வந்துவிட்டாள். ஆனால் நின்று பார்க்க வேண்டியவன் முதலாளிதானே, சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.