மூஞ்சி மறச்சான் சந்து

வெள்ளக்காரன் இன்னும் போகாத காலமாம் அது. கோயமுத்தூருக்குக் கெழக்கால ஓடக்காட்டுப்பாளையத்துல மாராத்தான்னு ஒருத்தி இருந்தாளாம். காட்டு வேலைக்குப் போயிட்டிருந்தவ. ஊர் பக்கத்துல பஞ்சு மில்லு வந்துச்சு. மாராத்தா மில்லுக்குப் போனா. அவளப் பாத்து மத்த பொம்பளைகளும் போனாங்க. புருசன் சென்னியப்பனையும் அவதான் மேஸ்திரிகிட்டச் சொல்லி உள்ள சேத்துவிட்டாளாம்.

ஒரு நா, மாசமா இருந்த புள்ள ஒருத்தி மிசினுப் பக்கத்துலயே மயங்கி விழுந்துட்டா. மொதலாளி என்ன பண்ணுனான்? அவள வேலைய விட்டே நிறுத்திப்போட்டான். மாராத்தா மிசின நிறுத்தீட்டு வெளிய வந்தா. அவ வந்ததும் பொம்பளைக வந்தாங்க. பொம்பளைக வந்ததும் ஆம்பளைக வந்தாங்க. அந்தப் புள்ளையத் திரும்பச் சேத்தாத்தான் வேலைன்னு நின்னாங்க. மில்லே நின்னுபோச்சாம்.

மொதலாளி பேச்சுக்குக் கூப்புட்டான். ஆனா பொம்பளைகள பங்களாவுக்குள்ள விடமாட்டானாம். மாராத்தாதான் புருசன்கிட்டச் சொன்னாளாம், "ஏனுங்க, நீங்க போயிட்டு வாங்க. நீங்க பேசுனா நானே பேசுன மாதிரி."

போனான். பேசுனான். வாரப்ப கழுத்துல மாலையோட வந்தான். "செயிச்சுட்டோம்"னான். மாராத்தா ஆரத்தி சுத்தி உள்ள கூப்புட்டாளாம்.

மக்யா நாளு விடிஞ்சதும் மில்லுச் சங்கு ஊதுச்சு. ஆம்பளைக உள்ள போனாங்க. மாராத்தா போனா. வாட்ச்மேன் கேட்டச் சாத்திட்டான்.

"உனக்குத் தெரியாதா அக்கா? இனிமேலு ஆம்பளைகளுக்கு மட்டுந்தான் வேல. ஒத்துக்கிட்டு வந்ததே உங்கூட்டுக்காரருதான்"னானாம்.

பின்னால நின்ன பொம்பளைக அத்தன பேரும் மாராத்தா மூஞ்சியத்தான் பாத்தாங்களாம். நீதான அனுப்புன, அப்படிங்கற மாதிரி. அவளுக்குத் தலயத் தூக்க முடியல.

சாயங்காலம் சென்னியப்பன் வந்தான்.

"நீங்களா ஒத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டா.

"ஆமா புள்ள. எனக்குச் சம்பளம் ஏத்திப் போட்டாங்க. நீ ஏன் இனிக் கஸ்டப்படோணும்? பெரிய வூட்டுப் பொம்பளைக வேலைக்கா போறாங்க? நீயும் அப்படி வூட்ல இரு."

"நாங்க கேட்டது அதுவாங்க?"

அவன் கையக் கழுவிட்டு வந்து உக்காந்தான். "சோத்தப் போடு"ன்னானாம்.

போட்டா. அவன் சாப்புட்டு முடிக்கற வரைக்கும் நின்னா. அப்பறம் மாத்துச் சீலையும் ஒரு குண்டாவும் எடுத்துக்கிட்டு வெளிய போனவதான்.

மில்லு கேட்டுக்கு எதிர்த்தாப்பல ஒரு மேடு. அங்க ஓலக் குடிச போட்டு, இட்டிலி சுட்டு வித்துப் பொழச்சாளாம். சங்கு ஊதறப்பெல்லாம் எந்திரிச்சு வந்து கேட்டப் பாத்து நிப்பாளாம். திட்டுனதில்ல, மண்ண வாரித் தூத்துனதில்ல. சும்மா பாப்பா. சென்னியப்பன் மொதல்ல குனிஞ்சுக்கிட்டுப் போனான். அப்பறம் துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டுப் போனான். அப்பறம் அதுவும் முடியல. மில்லுக்குப் பொறத்தால, முள்ளுக்குள்ள பூந்து, பின் கேட்டு வழியாப் போக ஆரம்பிச்சான். வேலைய விட்டு நிக்கற வரைக்கும் அந்த வழிதானாம். கடைசி வரைக்கும் ஒரு பொம்பளையக்கூட மில்லுல திரும்பச் சேக்கல.

அவன் நடந்து நடந்து விழுந்த தடந்தான் இன்னிக்கு நாம மூஞ்சி மறச்சான் சந்துங்கறது. கல்யாணமாகி வர்ற புள்ளைய அந்தச் சந்துல யாரும் கூட்டியாறதில்ல. எத்தன சுத்தானாலும் மேட்டு வழிதான். மேட்டுல நிறுத்தி, மாப்பளகிட்டச் சொல்லுவாங்க: "பொண்ணு மூஞ்சிய நேராப் பாருங்க. பாத்துட்டு நடங்க."